பூரண குணம்

கட்டைப் பிரித்தால் உள்ளே காயம் இல்லை.

வேறு யாருடைய வயிற்றையோ பார்த்துக்கொண்டிருக்கிறோமோ என்று நர்ஸுக்கு ஒரு கணம் தோன்றியது. தோன்ற வழியே இல்லை. பதினோரு நாளைக்கு முன்னால், அவசரப் பிரிவின் வாசலிலிருந்து ஆபரேஷன் தியேட்டர் வரைக்கும், இதே வயிற்றை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு தள்ளுவண்டியோடு ஓடியவள் அவள். விலாவுக்குக் கீழே தொடங்கித் தொப்புளை ஒட்டி இடுப்புவரை கண்ணாடி இழுத்த கோடு. முப்பத்திரண்டு தையல். நேற்றுக்கூட எண்ணிப் பார்த்திருந்தாள். அந்த முப்பத்திரண்டும் இப்போது தோலுக்கு அடியில் போயிருந்தன. மேலே பச்சைக் குழந்தையின் கன்னம்போல மழமழவென்று ஒரு வயிறு. உள்ளே, ஐஸ் கட்டியில் மாட்டிக்கொண்ட முடிபோலக் கறுப்பாக நூல் துண்டுகள். பிரித்த பஞ்சில் ஒரு சொட்டு ரத்தமில்லை, சீழில்லை. முகர்ந்து பார்த்தாள். வெறும் பஞ்சு வாசனை.

"என்ன பத்துமணி, முகம் போற போக்கு சரியில்லையே," என்று படுத்திருந்தவன் சிரித்தான். "காயம் காணாமப் போச்சா?"

"ஆறியிருக்கு," என்றாள். வேறென்ன சொல்வது?

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போனவர்களுக்குக் கட்டு மாற்றிவிடுவது இந்த வாரம் அவள் முறை. ஒரு நாளைக்கு ஆறு வீடு. இந்த வீட்டில் காலை பத்து மணிக்கு நுழைவாள். ஒரு நிமிடம் முன்னே பின்னே ஆகாது என்பதால் அவன் இரண்டாம் நாளே அந்தப் பேரை வைத்துவிட்டான். கடையில் கண்ணாடி அறுப்பவன், வாய் ஓயாதவன். அவன் மனைவி பள்ளிச் சீருடை தைப்பவள். முன்னறை முழுக்க நீலத் துணிக் குவியலும் இரண்டு தையல் மிஷினும். உள்ளறையில் ஜன்னலை ஒட்டி அவன் இரும்புக் கட்டில். புதுத் துணியின் கஞ்சி வாசனையும் மிஷின் எண்ணெயும் அவள் கொண்டுவரும் ஸ்பிரிட்டும் கலந்து, அந்த வீட்டுக்கென்று ஒரு சுத்தமான, நம்பிக்கையான மணம் இருந்தது. அவளுக்கு அந்த வீடு பிடித்திருந்தது.

டாக்டருக்குப் போன் போட்டாள். "சிலருக்குச் சீக்கிரம் ஆறும். ஆறலைன்னாலும் என்னைத்தான் கூப்பிடறீங்க, ஆறினாலும் என்னைத்தான் கூப்பிடறீங்க," என்று அவர் சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.

வாசலில் செருப்பை மாட்டும்போது கிரேன்காரர் எதிரே வந்தார். படுத்திருந்தவனின் அண்ணன். ஆறடி உயரம், கதவளவு தோள். கண்ணாடிப் பலகைகள் அடுக்கிய மரப்பெட்டியை லாரியிலிருந்து இறக்கியது அவருடைய கிரேன்தான்; கொக்கி நழுவியபோது லிவர் அவர் கையில்தான் இருந்தது. தம்பி தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்த இரண்டு நாளும் அவர் சோறு தண்ணீர் இல்லாமல் அந்தக் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார். சுண்ணாம்பில் நெற்றி வியர்வை படிந்து வட்டமாக ஒரு கறை இன்னும் இருக்கிறது. மூன்றாம் நாள், பிழைப்பான் என்று உறுதி சொல்ல முடியாது என டாக்டர் கையை விரித்த பிறகு, அவர் நர்ஸிடம் வந்தார்.

"சிஸ்டர், அவனை நீங்கதான் தொட்டுப் பாத்துக்கறீங்க. உங்க வாயாலயும் ஒரு வார்த்தை சொல்லுங்க. மேல இருக்கறவன் யார் சொன்னா கேப்பான்னு யாருக்குத் தெரியும்?"

அவளுக்குப் பெரிய பக்தியெல்லாம் கிடையாது. ஆனால் மருந்து கைவிட்ட இடத்தில் ஒரு வார்த்தை சொல்வதால் யாருக்கும் நஷ்டமில்லை என்பதை இருபது வருட வேலையில் கற்றிருந்தாள். அவன் காலில் கை வைத்து, அண்ணன் சொல்லச் சொல்லக் கூடவே சொன்னாள். பாதி குணம் வேண்டாம். பூரண குணம் வேண்டும். அன்று சாயங்காலமே அவன் கண் விழித்தான். இரத்த அழுத்தம் ஏறியது. வார்டு முழுக்க அதே பேச்சு.

"ஆறிடுச்சாமே?" என்று கேட்டார் இப்போது, கண் நிறைய நீரோடு. "இன்னும் நிறுத்தல சிஸ்டர். காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. பாதியில விட்டா அது நன்றி கெட்டதனம்."

மறுநாள் அவனுக்குத் தொப்புள் இல்லை.

துணியை இன்னும் விலக்கினாள். விரலால் தடவிப் பார்த்தாள். ஒரு மேடு இல்லை, பள்ளம் இல்லை. அவனோ கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். முந்தின நாள் சிரிப்பு எங்கோ போயிருந்தது. "இடது காது கேக்கலை," என்றான். டார்ச் அடித்துப் பார்த்தாள். காதுமடல் இருந்தது, நடுவில் துவாரம் இருக்க வேண்டிய இடத்தில் இளஞ்சிவப்புத் தோல், டமாரத்தில் இழுத்துக் கட்டியதுபோல இறுக்கமாக. சுண்டுவிரலும் மோதிர விரலும் நகம்வரை ஒட்டியிருந்தன. ஒட்டிய இடத்தில் மெல்லிய கீறல், காய்ந்த ரத்தம்.

"இது என்ன வெட்டு?"

"அது... நகம் வெட்டும்போது," என்றாள் மனைவி, முன்னறையிலிருந்து. மிஷின் ஓடத் தொடங்கியது.

டாக்டர் இந்த முறை சிரிக்கவில்லை. வியாழக்கிழமை கூட்டிவரச் சொன்னார். அன்று திங்கள்.

செவ்வாயன்று தெருவில் திரும்பும்போதே மிஷின் சத்தம் கேட்டது. வழக்கத்தைவிட வேகமாக, விட்டு விட்டு, ஏதோ சத்தத்தை மூடுவதற்கென்றே ஓட்டுவதுபோல. உள்ளே போனால் ஸ்பிரிட் வாசனைக்கு மேலே இன்னொரு வாசனை. அவளுக்கு நன்றாகப் பழகிய, பிரசவ அறையிலும் தியேட்டரிலும் மட்டுமே இருக்க வேண்டிய, இரும்பு நாறும் பச்சை ரத்த வாசனை. தலையணை உறை கழுத்தடியில் கறுத்து விறைத்திருந்தது. அவன் வாயின் இரண்டு ஓரங்களிலும் புதுக் காயம். கத்தியால் கீறியது. ஒன்று கன்னம்வரை ஓடியிருந்தது. மூக்கிலும் இரண்டு பக்கமும் வெட்டு.

அவன் வாயைத் திறக்காமலே, பல்லுக்கு நடுவே பேசினான். "அவளை ஒண்ணும் சொல்லாதீங்க."

நர்ஸ் விறுவிறுவென்று முன்னறைக்குப் போனாள். மிஷினுக்குப் பக்கத்தில், பட்டன் துளை போடும் பிளேடு ரத்தத்தோடு கிடந்தது. மனைவியின் விரல் இடுக்கெல்லாம் சிவப்பு. மடியில் கிடந்த நீலச் சட்டையிலும் சிவப்பு. இப்படிப்பட்ட வீடுகளை அவள் பார்த்திருக்கிறாள். படுத்தவனைக் கிள்ளுகிறவர்கள், சூடு வைக்கிறவர்கள், வெளியே வந்து அழுகிறவர்கள்.

"நீ மனுஷிதானா?"

"அக்கா, சொல்றதைக் கேளுங்க. மூடிக்குது. ஒரு மணி நேரத்துல மூடிக்குது. வெட்டலைன்னா மூச்சு விட முடியாது அவரால. மாமா வந்து கும்பிட்டுட்டுப் போனா இன்னும் சீக்கிரம் மூடுது." கணவனின் அண்ணனை அவள் மாமா என்றுதான் கூப்பிடுவாள். "நிறுத்தச் சொல்லி கால்ல விழுந்தேன். மாமா இங்க இருந்த கத்தியெல்லாம் தூக்கிட்டுப் போயிட்டார், ஆண்டவன் அருளை வெட்டற வீடான்னு கேட்டுட்டு. இது ஒண்ணுதான் மிச்சம்."

பயத்தில் புத்தி கலங்கியிருக்கிறது என்றுதான் நர்ஸ் நினைத்தாள். பிளேடை எடுத்துப் பைக்குள் போட்டாள். கத்தரிக்கோல் இரண்டு, ஊசி டப்பா, எல்லாவற்றையும் வாரிப் போட்டாள். மனைவி பை மேல் விழுந்து கட்டிக்கொண்டாள். "ஒண்ணே ஒண்ணு வச்சிட்டுப் போங்க அக்கா. உங்களுக்குக் கோடிப் புண்ணியம்." அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் பையை மீட்க வேண்டியிருந்தது. காயத்துக்கு மருந்து வைக்க மறுபடி உள்ளறைக்குப் போனபோது, வாயோரத்து வெட்டு ஏற்கெனவே பாதியாகியிருந்தது. பார்த்தாள். பார்த்தும், தான் முதலில் சரியாகக் கவனிக்கவில்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஆனால் நாள் முழுக்க அது மனதை அறுத்தது. டாக்டரிடம் மன்றாடி, மறுநாள் பதினோரு மணிக்கே ஆம்புலன்ஸ் வர ஏற்பாடு செய்துவிட்டாள்.

புதன்கிழமை பத்து மணி. மிஷின் ஓடவில்லை.

கதவு சாத்தியிருக்கவில்லை. முன்னறையில் வெயில் நீலத் துணிமேல் விழுந்து கிடந்தது. எங்கோ ஒரு குழாய் சொட்டியது. உள்ளறையிலிருந்து ஒரு சத்தம். ஈரத் துணியைப் பல்லால் கிழிப்பதுபோல.

பல்லால்தான்.

மனைவி கட்டிலில் அவன்மேல் குனிந்திருந்தாள். நிமிர்ந்தபோது அவள் மோவாய் முழுக்க ரத்தம் வழிந்தது. எதையோ தரையில் துப்பினாள். இரவெல்லாம் தூங்காத கண்.

"எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிட்டீங்களே," என்றாள். திட்டக்கூட இல்லை. "வேற எதால கிழிக்கறது?"

அவன் முகத்தில் உதடு என்று எதுவும் மிச்சமில்லை. பிய்ந்த ஓட்டை ஒன்று. அதன் வழியாக விசில்போலக் காற்று போய் வந்தது. நர்ஸ் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓட்டையின் மேல் விளிம்பிலிருந்து இளஞ்சிவப்பாகத் தோல் வழிந்து இறங்கியது. கீழ் விளிம்பு ஏறியது. அவசரமே இல்லாமல், பால் ஆடை படிவதுபோல. விசில் மெலிந்தது. நின்றது. மூக்கு ஏற்கெனவே இல்லை. முகத்தில் இரண்டு கண் மட்டும், மனைவி விரல்களால் இமைகளை விரித்துப் பிடித்திருந்ததால் திறந்திருந்தன. அந்த இரண்டு கண்ணும் நர்ஸைப் பார்த்தன.

"கண்ணு மூடினா அதுவும் ஒட்டிக்குது அக்கா. ராத்திரி பூரா இப்படியே பிடிச்சிட்டு உக்காந்திருக்கேன்."

அவன் மார்பு உள்ளிழுத்தது. குதிகால் கட்டிலை உதைத்தது.

நர்ஸின் கை தானாகப் பையைத் திறந்தது. சர்ஜிக்கல் பிளேடு. உறையைப் பிரித்தாள். வாய் இருந்த இடத்தில் குத்தி இழுத்தாள். ரத்தம் பீறிட்டு அவள் மூக்குக் கண்ணாடியில் தெறித்தது. பீறிட்ட ரத்தத்தோடு மூச்சும் வந்தது, ஓவென்று, தண்ணீரிலிருந்து தலை தூக்குகிறவன்போல. அவள் இரண்டு விரலை உள்ளே விட்டு அகற்றிப் பிடித்துக்கொண்டாள். சதை அவள் விரலைச் சுற்றி இறுகுவது தெரிந்தது.

"அண்ணனை," என்றான். "அண்ணனை நிறுத்தச் சொல்லுங்க."

"ஆம்புலன்ஸ் வருது. கொஞ்சம் பொறு தம்பி. இதோ வந்துரும்."

"என்ன பண்றீங்க?"

கிரேன்காரர் வாசற்படியில் நின்றார். கையிலிருந்த பழப்பை நழுவிக் கீழே விழுந்தது. அவர் பார்த்தது, வெட்டிய பிளேடும் வெட்டுப்பட்ட தம்பியும். வேறெதையும் அவர் பார்க்கத் தயாராக இல்லை.

"அண்ணே, உங்க தம்பி முகத்தைப் பாருங்க. நல்லாப் பாருங்க."

"காயம் ஆறுது. நான் கேட்டேன், குடுத்தான். அதை நீங்க வெட்டறீங்களா?"

அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். முறுக்கினார். எலும்பு முறிந்த சத்தம் முதலில் கேட்டது. வலி பிறகுதான் வந்தது. பிளேடு கட்டிலுக்கு அடியில் போயிற்று. விரலை அவன் வாயிலிருந்து பிய்த்து எடுத்தபோது விரல் தோலும் கொஞ்சம் கூடவே உரிந்து வந்தது.

மனைவி பின்னாலிருந்து அவர் கழுத்தில் தொற்றினாள். காதைக் கடித்தாள். அவர் உலுக்கினார். மறுபடி தொற்றினாள். கிரேன் லிவர் பிடிக்கிற கை ஒரே வீச்சில் அவளைப் பிடுங்கி எறிந்தது. கட்டிலின் இரும்பு முனை. தேங்காய் உடைகிற சத்தம். அவள் சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள், கால் நீட்டி. நெற்றியிலிருந்து உச்சிவரை பிளந்திருந்தது.

நர்ஸ் இடது கையால் பையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து அவர் தொடையில் இறக்கினாள். பிடிவரை இறங்கியது. அவர் அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. அவளைத் தரையில் தள்ளி, முதுகில் முழங்காலை வைத்து அழுத்திக்கொண்டு, தம்பியின் மார்பில் கையை வைத்தார். அழுதுகொண்டே சொல்லத் தொடங்கினார். அதே வார்த்தைகள். அவளும் ஒரு நாள் கூடவே சொன்ன வார்த்தைகள்.

அவள் கண்ணுக்கு நேராகக் கட்டிலின் கால். அது ஆடியது. மேலே அவன் குதிகால் உதைத்தது. உதைத்தது. தரையில் ரத்தம் அவள் கன்னம்வரை வந்து நனைத்தது. ஆட்டம் குறைந்தது.

நின்றது.

முழங்கால் விலகியது. அவள் ஒற்றைக் கையை ஊன்றி எழுந்தாள். கட்டிலில் ஒரு முகம். கண்ணில்லை, மூக்கில்லை, வாயில்லை. ஒரு தழும்பு இல்லை. ஜன்னல் வெயில் அதில் பட்டு வழுக்கியது.

"பாத்தீங்களா?" என்றார் அண்ணன். "ஒரு கீறல் இருக்கா சொல்லுங்க."

இறந்துவிட்டான் என்றுதான் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தாள். பழக்கம். இறந்த நேரம் எழுத வேண்டுமே.

இதயம் துடித்தது. நிதானமாக. நிமிடத்துக்கு எழுபத்திரண்டு. இளைஞனின் இதயம். மூச்சு இல்லை, நுழைய வழியில்லை, ஆனால் துடித்தது. அதற்கு இனி மூச்சு தேவையில்லை. அந்தத் துடிப்புக்குப் பின்னால், ஆழத்தில், கனத்த சதைக்கு அப்பால், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு குரல். நிற்காமல். ஒரே சொல்.

வெட்டு வெட்டு வெட்டு வெட்டு.

அவள் குழாயைக் காதிலிருந்து பிடுங்கி அவர் காதில் மாட்டினாள். "கேளுங்க. உங்க தம்பிதான். கேளுங்க அண்ணே!"

அவர் கேட்டார். வெகுநேரம் கேட்டார். ரத்தம் தோய்ந்த அந்தப் பெரிய முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது.

"நன்றி சொல்றான்," என்றார்.

பிறகு திரும்பினார். சுவரோரம் கிடந்தவளை அப்போதுதான் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். முகம் உடைந்தது. "ஐயோ, என்னம்மா இது, நானா?" என்று நொண்டிக்கொண்டே போய் அவள் முன்னால் மண்டியிட்டார். பிளந்த தலையை இரண்டு உள்ளங்கையாலும் ஏந்தினார்.

"வேணாம்," என்றாள் நர்ஸ். "அண்ணே, ஆம்புலன்ஸ் வருது. டாக்டர் தச்சிருவார். தையல் போட்டா சரியாயிடும். கும்பிடாதீங்க. அவளுக்காகக் கும்பிடாதீங்க!"

அவர் உதடு அசைந்தது.

பிளவு மூடியது. உச்சியிலிருந்து நெற்றிவரை, ஒரு மூச்சு விடும் நேரத்தில். மனைவி திணறி விழித்தாள். கட்டிலைப் பார்த்தாள். கும்பிடும் கைகளைப் பார்த்தாள். என்ன நடக்கிறதென்று அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஏதோ பேச வாயெடுத்தாள், வாய் பிரியவில்லை.

கட்டிலடியில் நர்ஸின் இடது கை பிளேடைத் தேடியது. ரத்தத்தில் வழுக்கியது. அகப்பட்டது. நழுவியது.

சுவரோரம் இருந்தவள் கண்களை மட்டும் அகல விரித்து வைத்திருந்தாள். இமைக்கவில்லை. கண்ணீர் நிரம்பி விளிம்பில் நின்றது. எரிந்தது. சிவந்தது. நர்ஸையே பார்த்தாள்.

தெரு முனையில் ஆம்புலன்ஸ் சத்தம்.

அவள் இன்னும் இமைக்கவில்லை.

இன்னும்.

இமைத்தாள்.